நாயோடு மலைப் பூங்காவுக்கு ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தடுப்பூசி போட்டுவிடுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. நாய் வளர்ப்பவர்களுக்கு அதெல்லாம் தெரியும். அனுபவம் கூடினால்தான் பிடிபடுகிற சில விஷயங்கள் உண்டு. புதிதாக நாயோடு மலையேற வருபவர்கள் அவற்றில்தான் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறார்கள்.

‘நாய்களுக்கு அனுமதி உண்டு’ என்ற ஒற்றை வரியை நம்புவது

மற்றதையெல்லாம் விட்டாலும் இதை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பூங்காவுக்குள் நாயை விடுவார்களா என்று தேடுகிறார்கள். விடுவார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே எதுவரை விடுவார்கள் என்பதை யாரும் படிப்பதில்லை. அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் கார் போகும் இடங்களில்தான் நாயும் போகலாம்: சாலை, வண்டி நிறுத்துமிடம், கூடாரம் அடிக்கும் இடம், உட்கார்ந்து சாப்பிடும் இடம். மலைப்பாதையிலும் புல்வெளியிலும் கயிற்றில் பிடித்திருந்தாலும் கூடாது. அதே நாட்டின் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் பூங்காவில் இரண்டே இரண்டு குட்டிப் பாதைகளில் மட்டும் அனுமதி. அதற்கு நேர்மாறாக அமெரிக்காவின் ஷெனன்டோவா பூங்காவிலும் கனடாவின் பான்ஃப் பூங்காவிலும் கயிறு இருந்தால் பெரும்பாலான பாதைகளில் தாராளமாக நடக்கலாம். சுவிட்சர்லாந்தின் தேசியப் பூங்காவிலோ நாய்க்கு இடமே இல்லை, கயிற்றோடு வந்தாலும் சரி. ஒரு பூங்காவில் பார்த்ததை வைத்து இன்னொன்றை ஊகிக்கவே முடியாது.

ஒரு குடும்பத்தைப் பாதை தொடங்கும் இடத்தில் பார்த்தேன். விடியுமுன் கிளம்பி வந்தவர்கள். பலகையில் நாய்ப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. கொஞ்ச நேரம் வாக்குவாதம். அப்புறம், எல்லோரும் எடுக்கிற அதே முடிவு: “ஒரு மணி நேரம்தானே, காற்று ஜில்லென்று இருக்கிறது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும்.”

போதாது. வெளியே 22 டிகிரி செல்சியஸ்தான் இருக்கிறது என்றாலும், வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அதிலும் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிடுவதால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. உயரத்தில் காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் உக்கிரமாகவே இருக்கும், நம்மை ஏமாற்றுவது அந்தக் குளிர்ச்சிதான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சுற்றியிருக்கும் காற்றே கொதித்தால் இரைத்துப் பயனில்லை. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை, 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இதைச் சொன்னதும் அந்த வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைசியில் அவர் மனைவி நாயோடு மர நிழலில் உட்கார்ந்துகொண்டார், மற்றவர்கள் மேலே போனார்கள். மலையைப் பார்க்க வந்த அந்தப் பெண்மணி அன்று முழுக்க வண்டி நிறுத்துமிடத்தைத்தான் பார்த்தார். நாய் பிழைத்தது என்பதால் அதையும் நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் முதல் நாள் இரவு பத்து நிமிடம் செலவழித்திருந்தால் போதும். பூங்காவின் சொந்த இணையதளத்தில் வளர்ப்பு விலங்குகளுக்கான பக்கத்தைப் படியுங்கள். நீங்கள் நடக்கப்போகும் பாதையின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பக்கத்துக் காடுகளைப் பாருங்கள். அமெரிக்காவில் பல பூங்காக்களை ஒட்டியே ‘நேஷனல் ஃபாரஸ்ட்’ என்ற வகைக் காடுகள் இருக்கின்றன, மலை அதே மலைதான், ஆனால் அங்குள்ள பாதைகள் பலவற்றில் கயிறு கட்டிய நாய்க்குத் தடையில்லை. நடக்காமல் காரிலேயே சுற்றுவது என்றாலும் குறைவில்லை. ராக்கியின் டிரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது, காட்சி முனைகளில் ஒருவர் மாற்றி ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

இழுக்க இழுக்க நீளும் கயிறு

வீட்டிலேயே இருக்கட்டும். அமெரிக்கப் பூங்காக்களில் கயிறு 6 அடிக்கு மேல் போகக் கூடாது. வளைவுக்கு அந்தப் பக்கம் மான் நிற்கிறதா கரடி நிற்கிறதா என்பது உங்களுக்கு முன்னால் நாய்க்குத் தெரிந்துவிடும். கரடியைத் துரத்திப் போன நாய் பயந்துபோனால் ஓடி வருவது உங்களிடம்தான், கரடியையும் பின்னால் கூட்டிக்கொண்டு.

‘என் நாய் எதையும் துரத்தாது’

துரத்தும்.

நாயின் கழிவை அள்ளிய பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போவது

திரும்பி வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்பார்கள். எடுக்க மாட்டார்கள்.

ஓடைத் தண்ணீர்

பளிங்கு போல இருந்தாலும் ஜியார்டியா கிருமி இருக்கலாம், அதனால் வயிற்றுப்போக்கு வரலாம். ஏரியில் பச்சை நிறத்தில் பாயசம் போல மிதந்தால் நாயை அருகிலேயே விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்தில் கொல்லக்கூடியது.

நம் காலை வைத்து அதன் தூரத்தைக் கணக்கிடுவது

நாய் முடியவில்லை என்று சொல்லாது. நீங்கள் நடக்கும்வரை அதுவும் வாலாட்டிக்கொண்டே வரும், அப்புறம் திடீரென்று படுத்துவிடும். 30 கிலோ லாப்ரடாரைத் தோளில் சுமந்துகொண்டு இறங்குகிற ஒருவரின் முகத்தைப் பார்த்திருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு ஏற்றமே வேண்டாம், இரைக்கவே அவை திணறும்.

பாதி தூரம் வந்ததும் திரும்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு செலவாகும்போதே திரும்பிவிடுங்கள், சொரசொரப்பான பாறையில் இறங்கும்போதுதான் பாதத்தின் தோல் உரியும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் நான்கு பாதங்களையும் தூக்கிப் பாருங்கள். ஒரு பாதத்தை மட்டும் அது விடாமல் நக்கிக்கொண்டிருந்தால் அன்றைய நடை அங்கேயே முடிந்தது.