சாகாத செல்லும் புற்றுச் செல்லும் ஒன்றல்ல: புற்றுநோயைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிப் பாடக் குறிப்புகளில், வாட்ஸ்அப்பில் சுற்றும் மருத்துவத் தகவல்களில், யூடியூப் விளக்கங்களில் எல்லாம் புற்றுநோயைப் பற்றி ஒரே மாதிரியான வாக்கியம்தான் வரும். செல்கள் கட்டுப்பாடு இழந்து, வேகமாகப் பெருகி, சாகாமல் இருப்பதே புற்றுநோய் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கட்டுப்பாடு இழப்பது ஒன்று, வேகம் இன்னொன்று, சாகாமை மூன்றாவது. இவை எப்போதும் சேர்ந்தே வரும் என்று எடுத்துக்கொள்வதிலிருந்துதான் மற்ற குழப்பங்களில் பாதி பிறக்கின்றன.

சாகாத செல் என்றாலே புற்று என்று நினைப்பது

வேடிக்கை என்னவென்றால், அறிவியல் உலகமே ஒரு காலத்தில் இதற்கு நேர்மாறான தவறில் இருந்தது. எல்லாச் செல்லும் சாகாதவையே என்று நம்பியது. அலெக்சிஸ் காரல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1912இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் கோழிக் கருவின் இதயத் திசுவைக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். அதே ஆண்டு வேறொரு சாதனைக்காக நோபல் பரிசும் பெற்றார். 1944இல் அவர் இறந்த பிறகும், 1946 வரை அந்த வளர்ப்பு தொடர்ந்ததாகச் சொல்கிறார்கள். சரியான ஊட்டம் கொடுத்தால் எந்தச் செல்லும் என்றென்றும் பிரியும் என்பது அப்படியே பாடமாகிப் போனது. வேறு யாராலும் அதை மறுபடி செய்துகாட்ட முடியவில்லை. ஊட்டமாக ஊற்றிய கருச்சாற்றில் புதுச் செல்களும் கலந்து உள்ளே போயிருக்கலாம் என்பது இன்று சொல்லப்படும் விளக்கம்.

1961இல் பிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியோனார்ட் ஹேஃப்லிக்கும் பால் மூர்ஹெட்டும் இதை உடைத்தார்கள். மனிதக் கருவிலிருந்து எடுத்த சாதாரணச் செல்கள் ஏறத்தாழ 50 முறை பிரிந்ததும் நின்றுவிட்டன. ஊட்டம் குறைவா, குடுவையில் கிருமியா என்ற சந்தேகத்தை அவர்கள் தீர்த்த விதம் அழகானது. பல முறை பிரிந்து களைத்த ஆண் செல்களையும், இன்னும் இளமையாக இருந்த பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்து வளர்த்தார்கள். கொஞ்ச காலத்துக்குப் பிறகு பார்த்தால் குடுவையில் பெண் செல்கள் மட்டுமே இருந்தன. ஒரே ஊட்டம், ஒரே குடுவை, ஆனால் கணக்கு செல்லுக்குள்ளேயே இருந்தது. இந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிய ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. அதன் ஆசிரியராக இருந்த பெய்டன் ரூஸ், கோழிகளில் புற்றை உண்டாக்கும் வைரஸைக் கண்டுபிடித்தவர். துறையின் பெரியவருக்கே அந்தப் பழைய நம்பிக்கையை விட மனம் வரவில்லை.

அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்பது பின்னால் தெரிந்தது. நம் குரோமோசோம்களின் நுனியில் டி டி ஏ ஜி ஜி ஜி என்ற டி.என்.ஏ.வின் ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. அதுதான் டெலோமியர். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிகளால் கடைசி நுனிவரை எழுத முடியாது. அதனால் ஒவ்வொரு பிரிவிலும் சுமார் 50 முதல் 200 எழுத்துகள் குறைகின்றன. ஓர் அளவுக்குக் கீழே போனதும் செல் அதை ஆபத்தாகக் கண்டுகொண்டு பிரிவதை நிறுத்திவிடுகிறது. இழந்த எழுத்துகளைத் திரும்ப எழுதும் டெலோமரேஸ் என்ற நொதியை 1984இல் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் ஒரு குளத்து நுண்ணுயிரில் கண்டுபிடித்தார்கள். 2009 நோபல் பரிசு ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்த்து அவர்களுக்குக் கிடைத்தது.

சரி, இந்த நொதியைச் சாதாரணச் செல்லுக்குக் கொடுத்தால் அது புற்றாகிவிடுமா? 1998இல் செய்து பார்த்தார்கள். டெலோமரேஸ் மரபணுவைப் பெற்ற மனிதச் செல்கள் தங்கள் எல்லையைத் தாண்டிப் பிரிந்துகொண்டே போயின. ஆனால் புற்றாகவில்லை. குரோமோசோம்கள் ஒழுங்காக இருந்தன, நெருக்கடி வந்தால் பிரிவை நிறுத்தும் பண்பும் மிஞ்சியிருந்தது. அடுத்த ஆண்டு புற்று ஆய்வாளர் ராபர்ட் வைன்பெர்க்கின் குழு டெலோமரேஸோடு, கட்டுமீறிப் பிரிவதைத் தடுக்கும் செல்லின் காவல் புரதங்களை முடக்கும் எஸ்.வி.40 வைரஸின் மரபணுப் பகுதியையும், பிரியச் சொல்லித் தூண்டிக்கொண்டே, எப்போதும் விழித்தே இருக்கும் ராஸ் மரபணுவையும் சேர்த்துக் கொடுத்தது. எலிக்குள் கட்டி வளர்ந்தது அப்போதுதான். சாகாமை தேவையானவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

இதற்கு நம் தெருவிலேயே சான்று உண்டு. தெருநாய்களின் பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் ஒரு கட்டி வரும். கால்நடை மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான நோய். இதுவும் புற்றுதான். இனச்சேர்க்கையின்போது புற்றுச் செல்லே நாய்விட்டு நாய் தாவுகிறது, கிருமி எதுவும் இல்லை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய செல்லின் வழித்தோன்றல்கள்தான் இன்று உலகெங்கும் நாய்களில் இருக்கின்றன. சாகாமையில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் இது பெரும்பாலும் உடலுக்குள் பரவுவதில்லை, சில நாய்களில் தானாகவே வற்றிவிடும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலான நாய்களில் கரைந்தும் போகும்.

புற்றுச் செல் சாவதே இல்லை என்று நம்புவது

இது முந்தைய தவறின் மறுபக்கம். ஒரு கட்டியை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவே செத்த செல்கள் குவிந்து கிடக்கும். ரத்த ஓட்டம் எட்டாமல், ஆக்சிஜன் கிடைக்காமல், குரோமோசோம் கணக்குத் தவறி அவை செத்துக்கொண்டே இருக்கும். பல கட்டிகளில் புதிதாகப் பிறக்கும் செல்களில் பெரும்பகுதி அழிந்தும் விடுகிறது. பிறப்பு இறப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால்தான் கட்டி வளர்கிறது. சாகாமை என்று நாம் சொல்வது வம்சத்துக்குத்தான், தனிச் செல்லுக்கு இல்லை.

வேகமும் அப்படித்தான். குடலின் உள்படலம் சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ இருபது லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. பல புற்றுக்கட்டிகள் இந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. சில புராஸ்டேட் புற்றுகள் பல ஆண்டுகள் சத்தமின்றிக் கிடக்கும். ஃபாலிகுலர் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றில் முக்கியமான கோளாறே பி.சி.எல்.2 என்ற புரதம் கூடிப்போய், சாக வேண்டிய ரத்தச் செல்கள் சாகாமல் தேங்குவதுதான். வேகமாகப் பிரிவதைத் தாக்கும் கீமோ மருந்து முடியையும் குடலையும் மஜ்ஜையையும் ஏன் பதம் பார்க்கிறது என்ற கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது.

ஒரு மரபணு கெட்டால் போதும் என்ற எண்ணம்

ரத்தப் புற்றில் ஒருவகை இதற்கு இடம் கொடுத்துவிட்டது. 1960இல் கண்டறியப்பட்ட பிலடெல்ஃபியா குரோமோசோம் என்ற உருமாறிய குரோமோசோம், அது உண்டாக்கும் ஒரே ஓர் ஒட்டுப் புரதம், 2001இல் அதைக் குறிவைத்து வந்த இமாட்டினிப் மாத்திரை. கதை அவ்வளவு கச்சிதமாக இருந்ததால் எல்லாப் புற்றும் இப்படித்தான் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். பெருங்குடல் புற்றில் நடப்பதே வேறு. பெரும்பாலும் ஏ.பி.சி. என்ற மரபணு முதலில் கெட்டுக் குடலின் உள்சுவரில் பாலிப் எனப்படும் சிறு திரட்டு உண்டாகும், அப்புறம் கே-ராஸ், கடைசிப் படிகளில் பி53. இதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். கொலோனோஸ்கோபியில் திரட்டை எடுத்துவிட்டாலே புற்றைத் தடுக்க முடிவது இந்த இடைவெளியால்தான்.

2015இல் பிரிட்டனின் சாங்கர் நிறுவன ஆய்வாளர்கள் இமை அறுவை செய்துகொண்டவர்களின் தோலைப் பரிசோதித்தார்கள். புற்று எதுவும் இல்லாத, பார்வைக்கு ஆரோக்கியமான தோல். அதிலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு செல்லில் புற்றோடு தொடர்புடைய மரபணு மாற்றம் இருந்தது. எனவே ஜீன் டெஸ்ட் முடிவில் ஒரு பெயரைப் பார்த்ததும் பயந்துவிடுவது தேவையற்றது. மார்பகப் புற்று அபாயத்தைக் கூட்டும், பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ. மாற்றம் போன்றவை வேறு கணக்கு, அங்கே ஒரு படி பிறக்கும்போதே ஏறிவிட்டிருக்கிறது. அப்போதும் மீதிப் படிகள் பாக்கி இருக்கின்றன.

ஹீலா செல்களைத் தவறாகப் புரிந்துகொள்வது

சாகாத செல் என்றதும் எல்லோரும் ஹீலாவுக்குத்தான் போவார்கள். 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் கேட்காமலேயே எடுத்த செல்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார், செல்கள் இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. இந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அந்தச் செல்களை வளர்த்த ஜார்ஜ் கை அதற்கு முன் பல ஆண்டுகளாக எத்தனையோ கட்டிகளின் செல்களை வளர்த்துப் பார்த்திருந்தார். எல்லாம் செத்துப்போயின. உடலுக்குள் கொல்லும் புற்று, குடுவையில் சாகாமல் நிலைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஹீலா விதிவிலக்கு.

அதன் ரகசியம் எச்.பி.வி. 18 என்ற வைரஸ். அதன் ஈ6 என்ற புரதம் செல்லின் பி53 காவலனைப் பிடித்துக் குப்பைக்கு அனுப்புகிறது, டெலோமரேஸையும் தூண்டிவிடுகிறது. ஈ7 என்ற இன்னொன்று ஆர்.பி. என்ற காவலனை முடக்குகிறது. கவனியுங்கள், ஹீலாவில் பி53 மரபணு கெடவே இல்லை. மரபணு நன்றாக இருக்கிறது, அது உண்டாக்கும் புரதம்தான் நிற்பதில்லை. மனிதப் புற்றுகளில் பாதியில் பி53 மரபணு கெட்டிருக்கிறது என்பதைக் கேட்டுவிட்டு எல்லாப் புற்றிலும் அப்படித்தான் என்று எழுதுபவர்கள் இங்கே சறுக்குகிறார்கள்.

எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பரிசோதனை 2000இல் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஹீலா செல்களில் ஈ6, ஈ7 இரண்டையும் அணைத்தார்கள். அரை நூற்றாண்டாகச் செயலற்றுக் கிடந்த காவல் அமைப்பு மறுபடி எழுந்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற சாகாத செல்கள் பிரிவதை நிறுத்தி மூப்படைந்தன. புற்றுச் செல் என்பது திரும்ப முடியாதபடி மாறிவிட்ட ஒன்று என்ற பேச்சை யாராவது எடுத்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதையே மருந்தாக்குவது வேறு கதை. குடுவையில் முடிந்ததை உடலில் ஒவ்வொரு செல்லிலும் செய்ய வேண்டுமே. இப்போதைக்குக் கையில் இருப்பது தடுப்பூசிதான், அது வைரஸ் நுழைவதையே தடுக்கிறது. எச்.பி.வி. தொற்று வந்தாலே புற்று என்பதும் தவறு. பெரும்பாலானவர்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அந்த வைரஸை விரட்டிவிடும். விரட்டாமல் ஆண்டுக்கணக்கில் தங்கினால்தான் சிக்கல்.

டெலோமியரை நாயகனாகவோ வில்லனாகவோ ஆக்குவது

டெலோமியர் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்தும் என்று மேலே பார்த்தோம். அது புற்றுக்கு எதிரான ஒரு தடை. ஆனால் காவல் புரதங்கள் கெட்ட செல் அந்தத் தடையை மதிக்காமல் பிரிந்துகொண்டே போகும். அப்போது நுனி முற்றிலும் தேய்ந்து, குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரியும்போது முறியும், மறுபடி ஒட்டும். மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்ட கூத்து இது. இந்த நெருக்கடியில் ஏறக்குறைய எல்லாச் செல்லும் அழிகின்றன. ஆய்வகத்தில் மனிதச் செல்களில் பார்த்தபோது ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று தப்பியது. தப்பியது பெரும்பாலும் டெலோமரேஸை இயக்கிக்கொண்ட செல். அதற்குள் அதன் மரபணுத் தொகுப்பு கலைந்து கிடக்கும். ஆக, டெலோமரேஸ் பல புற்றுகளில் கதையைத் தொடங்கி வைப்பதில்லை, நடுவே வந்து நிலைப்படுத்துகிறது. மனிதப் புற்றுகளில் 85 முதல் 90 விழுக்காடு இந்த வழியில் போகின்றன. மீதி, ஒரு குரோமோசோமின் நுனியைப் பார்த்து இன்னொன்று எழுதிக்கொள்ளும் மாற்று வழியில்.

இளமையாக இருக்க டெலோமியரை நீட்டுங்கள் என்று விற்கும் மாத்திரைகளைப் பற்றி இப்போது நீங்களே முடிவு செய்யலாம். பிறவியிலேயே நீளமான டெலோமியர் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று போன்ற சில புற்றுகளின் அபாயம் கூடுதல். மிகவும் குட்டையாக இருந்தாலும் எலும்பு மஜ்ஜை பழுதாவதோடு, சில புற்றுகளின் அபாயமும் உண்டு. நீட்டுவதா குறைப்பதா என்பதைப் பாட்டிலில் அடைத்து விற்கும் துணிச்சல் எனக்குப் புரியவில்லை.

சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகும் என்பதும் இந்த வரிசையில் வரும். புற்றுச் செல்கள் நிறைய குளுக்கோஸ் தின்னும் என்று 1920களில் ஜெர்மன் ஆய்வாளர் ஓட்டோ வார்பர்க் கண்டது உண்மை. உடலில் குளுக்கோஸை அதிகம் இழுக்கும் இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேன் வேலை செய்வதும் அதனால்தான். ஆனால் நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் ரத்தத்தில் குளுக்கோஸை விட்டுக்கொண்டேயிருக்கும். சிகிச்சையில் இருப்பவர் சாப்பாட்டைக் குறைத்தால் மெலிவது அவர்தான்.

டெலோமரேஸைத் தடுத்தால் எல்லாப் புற்றும் உடனே நின்றுவிடுமே என்ற கேள்வியும் வரும். நொதியை நிறுத்தினாலும், கையிருப்பில் உள்ள டெலோமியர் தேய்ந்து தீரும்வரை புற்றுச் செல் பல முறை பிரியும், கட்டி அதுவரை வளரும். கண்டுபிடித்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில்தான் இமெடெல்ஸ்டாட் என்ற டெலோமரேஸ் தடுப்பு மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் திடக் கட்டிகளுக்கு இல்லை. எலும்பு மஜ்ஜை ஒழுங்காக ரத்தம் உண்டாக்காமல், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நிலையில் உள்ள ஒரு பிரிவு நோயாளிகளுக்கு மட்டும். அதை எடுப்பவர்களிடம் வெள்ளணுக்களும் பிளேட்லெட்டுகளும் குறைவதுதான் அதிகம் காணப்படும் பக்கவிளைவு. அதனால் சிகிச்சை முழுக்க ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்கிறார்கள்.