பிக் சர் சாலையில் திமிங்கலம் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜூலை மாதம். மதுரையிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியாரைக் காரில் ஏற்றிக்கொண்டு சான் ஹோசேயிலிருந்து விடிகாலையிலேயே கிளம்பினோம். கார்மெல் தாண்டி, பிக் சர் மலைக்கரையை ஒட்டி ஓடும் ஹைவே 1இல் கொஞ்ச தூரம் போனதும் மாமனார் கேட்டார்: “அந்தப் பெரிய பாலம் எங்க மாப்பிள்ளை?” “இப்ப அதுமேலதான் மாமா போயிட்டிருக்கோம்” என்றேன். மூடுபனியில் பிக்ஸ்பி பாலத்தின் கைப்பிடிச் சுவரே அரைகுறையாகத்தான் தெரிந்தது. திமிங்கலம் காட்டுகிறேன் என்று வேறு சொல்லி அழைத்து வந்திருந்தேன். அன்று எங்களுக்குக் கடலே தெரியவில்லை.

கலிபோர்னியாவில் கோடை என்றால் வெயில்தானே என்று நினைத்தது என் தவறு. சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவின் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதே தவறைத்தான் செய்கின்றன. பிள்ளைகளுக்கு விடுமுறை அப்போதுதான், ஊரிலிருந்து பெரியவர்கள் வருவதும் அப்போதுதான். ஆனால் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் காயக் காய, சில்லென்ற பசிபிக் கடல்மேல் இருக்கும் ஈரக்காற்று மூட்டமாகத் திரண்டு கரையேறும். மதியத்துக்கு மேல் விலகலாம், விலகாமலே நாள் முழுக்கக் கிடக்கவும் செய்யலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல், கரையில் நின்று பார்க்க ஏற்ற சாம்பல் திமிங்கலம் கோடையில் அந்தப் பக்கம் அநேகமாக இருக்காது. அலாஸ்காவுக்கு அப்பால் பெரிங், சுக்சி கடல்களில் மேய்ந்துகொண்டிருக்கும். குளிர் வந்ததும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா காயல்களுக்குக் குட்டி போடக் கிளம்பும். போக வர 16,000 கிலோமீட்டருக்குக் குறையாது. பிக் சர் கரையைத் தெற்கு நோக்கிக் கடப்பது டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை; பொங்கல் சமயத்தில் போக்குவரத்து உச்சத்தில் இருக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை வடக்கே திரும்பும். கடைசியாக வருபவை தாயும் குட்டியும். குட்டியைக் கொல்லும் ஓர்க்கா எனும் வேட்டைத் திமிங்கலங்களுக்குப் பயந்து கரையை ஒட்டியே போகும். எனவே ஏப்ரல், மே மாதங்களில் எண்ணிக்கை குறைவு, ஆனால் காட்சி கிட்டத்தில்.

ஜூலையில்தான் வர முடியும் என்றால் சாலையோரத்தை நம்பாமல் படகுக்குக் காசு கொடுங்கள். ஹம்ப்பேக் எனும் கூன்முதுகுத் திமிங்கலம் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மான்ட்டரே வளைகுடாவில் இருக்கும். நீலத் திமிங்கலம் வந்தால் கோடைக் கடைசியில். காரணம், மாஸ் லேண்டிங் கரையிலிருந்தே தொடங்கி மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமாக இறங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு. அங்கிருந்து சத்துள்ள குளிர்நீர் மேலே வருகிறது, கூனிப்பொடிகள் பெருகுகின்றன, திமிங்கலங்கள் தேடி வருகின்றன. படகேறும் நாளில் காலையில் பூரி கிழங்கு வேண்டாம். குமட்டல் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். கரையில் டி-ஷர்ட் போதும் என்று தோன்றினாலும் கடலில் ஸ்வெட்டர், அதற்குமேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் இரண்டும் தேவை.

சரி, ஜனவரியில் போகிறீர்கள், வானமும் தெளிவு. அப்போதும் பலர் ஒன்றும் பார்க்காமல் திரும்புகிறார்கள். கணக்கு எளிது: சாம்பல் திமிங்கலம் மூன்று நான்கு முறை மூச்சு விட்டுவிட்டு முங்கினால் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரை மேலே வராது. நாம் காரை நிறுத்தி, நாலு செல்ஃபி எடுத்து, ஏறிக் கிளம்ப ஆகும் நேரமும் அதேதான். பத்து இடத்தில் ஐந்து ஐந்து நிமிடம் நிற்பதைவிட, உயரமான ஒரே முனையில் ஒரு மணி நேரம் உட்காருவது மேல். காராபாட்டா பூங்காவின் சோபெரானஸ் முனை எனக்குப் பிடித்த இடம். சுற்றி வரும் பாதையும் சிறியது, பெரியவர்களும் மெதுவாக நடந்துவிடலாம்.

நேரமும் முக்கியம். கடல் மேற்கே. காலையில் வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும், தண்ணீர் கண்ணைக் கூசாது. மதியத்துக்கு மேல் எதிர்வெயிலோடு காற்றும் எழும்பும். கடல் முழுக்க வெள்ளை நுரை அலைகள். நுரைக்கும் திமிங்கல மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். மூச்சு என்பது அலையைப்போல உடைந்து பரவாது. மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்குப் புகைபோல எழுந்து, ஒரு கணம் நின்று, கலையும். பைனாகுலரை முதலிலேயே கண்ணில் ஒட்டிக்கொள்வதும் வீண். வெறுங்கண்ணால் அகலமாகப் பார்த்து, புகை எழுந்த பிறகு அந்த இடத்துக்குத் திருப்புங்கள். 7 அல்லது 8 மடங்கு போதும், அதற்குமேல் போனால் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

இன்னொன்று, கறுப்பாக மிதப்பதெல்லாம் திமிங்கலம் அல்ல. பெரும்பாலும் அது புல் கெல்ப் என்ற ராட்சதப் பாசியின் உருண்டைத் தலை. மல்லாந்து மிதக்கிறது என்றால் கடல் நீர்நாய். அதற்கும் ஒரு கும்பிடு போடலாம். ரோமத்துக்காக வேட்டையாடி இந்தக் கரையில் ஒழிந்தே போயிற்று என்று நினைத்திருந்த விலங்கு, 1938இல் பிக்ஸ்பி ஓடை முகத்தில் கூட்டமாகத் தென்பட்டது.

அந்த மாமனார் மாமியார் இரண்டாவது முறை வந்தது ஏப்ரலில். சோபெரானஸ் முனையில் முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. நானும் மாமாவும் பைனாகுலருக்கு மாறி மாறிக் கை நீட்டிக்கொண்டிருந்தோம். வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த அத்தைதான், “ஏங்க, அங்க யாரோ அடுப்பு பத்த வச்ச மாதிரி புகையுதே” என்றார். பெரிய புகை ஒன்று, பக்கத்திலேயே சின்னது ஒன்று.

சாம்பல் திமிங்கலங்களை முறையாக எண்ணுகிற இடமும் இந்தச் சாலையில்தான், கார்மெலுக்குத் தெற்கே கிரானைட் கேன்யனில் இருக்கிறது. 1970களிலிருந்து அமெரிக்க அரசின் ஆய்வாளர்கள் அங்கே குளிர்காலத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். 2016 வாக்கில் ஏறக்குறைய 27,000 என்றிருந்த மதிப்பீடு 2023இல் 14,500 அளவுக்கு இறங்கிவிட்டது. வடகடலில் இரை கிடைப்பது மாறிப்போனதை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் போன நண்பர் சொன்ன எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டு ட்ரோனும் பறக்கவிடாதீர்கள். அந்தப் பகுதி மாநிலப் பூங்காக்களில் அதற்குத் தடை.

நடைப்பாதைகளில் முதல் குழப்பம் பெயரில். ஃபைஃபர் பிக் சர் மாநிலப் பூங்கா, ஃபைஃபர் பீச், ஜூலியா ஃபைஃபர் பர்ன்ஸ் மாநிலப் பூங்கா: மூன்றும் வேறு வேறு. முதலாவதில் ரெட்வுட் மரக்காடும் ஓர் அருவியும். இரண்டாவதில் ஊதா மணலும் துளை விழுந்த பாறையும்; அதற்கு இறங்கும் சைக்கமோர் கேன்யன் சாலை மிகக் குறுகல், திருப்பமும் சட்டென்று கண்ணில் படாது. படங்களில் வரும், மணலில் விழும் மெக்வே அருவி இருப்பது மூன்றாவதில். மேப்பில் “ஃபைஃபர்” என்று மட்டும் தட்டிவிட்டு, தப்பான இடத்தில் இறங்கி அருவியைத் தேடுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

அந்த மெக்வே அருவி மணலுக்கு இறங்க வழி கிடையாது, இறங்கவும் கூடாது. மேலிருந்து பார்க்க மட்டும்தான். 1983 நிலச்சரிவுக்கு முன் அங்கே மணலே இல்லை, அருவி நேராகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. சரிந்த மண்தான் இன்றைய கடற்கரை. அத்தனை இளகிய மலை அது. வேலி தாண்டி விளிம்பில் நிற்பவர்கள் இதை நினைத்துக்கொள்வது நல்லது. இறங்க அனுமதி உள்ள கரைகளிலும் அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள். பத்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென ஒரு பெரிய அலை மேலேறி வரும். தண்ணீரின் குளிரில் நல்ல நீச்சல்காரருக்கே கை கால் விறைத்துவிடும். நம் மெரினாவில் கால் நனைக்கிற பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம்.

பாதையை விட்டு விலகுவதில் இன்னோர் ஆபத்து பாய்சன் ஓக். மூன்று மூன்று இலையாக இருக்கும் புதர். தொட்டால் அடுத்த நாளிலிருந்து கொப்புளமும் அரிப்பும். ஊரில் சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்துபோகுமே, அதே குடும்பம்தான் இதுவும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்த வெறும் குச்சியிலும் அந்த எண்ணெய் இருக்கும். முழுக்கால் பேன்ட் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

ஆண்ட்ரூ மொலேரா பூங்காவில் கடற்கரைக்கு நடக்கும்போது பிக் சர் ஆற்றைக் கடக்க வேண்டும். நடைபாலம் வெயில் காலத்துக்கு மட்டும் போடுவது. மழைக்காலத்தில் ஆறு என்ன சொல்கிறதோ அதுதான். கார்மெலை ஒட்டிய பாயின்ட் லோபோஸ் பூங்காவுக்கு நாயோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அங்கே வண்டி நிறுத்த இடமும் குறைவு, சனி ஞாயிறு என்றால் காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே வேலர்ஸ் கோவ் என்ற சின்னக் குடா. திமிங்கலம் பிடித்துக் கொழுப்பு உருக்கிய துறை அது, பழைய மரவீட்டில் அருங்காட்சியகம் இருக்கிறது. திமிங்கலம் பார்க்கப் போகிறவர்கள் அதைத் தவறவிடுவது வருத்தம்தான்.

அப்புறம் நெருப்பு. 2016இல் சோபெரானஸ் ஓடைப் பக்கம் யாரோ அனுமதியில்லாமல் மூட்டி அணைக்காமல் விட்ட நெருப்பு, 132,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. அணைக்க அக்டோபர் ஆயிற்று. டீ போட அடுப்பு வேண்டாம், ஃபிளாஸ்க் போதும்.

கடைசியாகச் சாலை. இது 1937இல் முழுதாகத் திறந்தது முதலே மலை சரிந்து சரிந்து மூடும் சாலை. 2017 மே மாதம் மட் கிரீக்கில் சரிந்தபோது மறுபடி திறக்க 2018 ஜூலை ஆயிற்று. நடுவில் மூடியிருந்தால் குறுக்கு வழி என்று நம்ப எதுவும் இல்லை. மான்ட்டரே வரை திரும்பி, ஹைவே 101 பிடித்துச் சுற்ற வேண்டியதுதான். கிளம்பும் காலையில், மாநிலச் சாலைத் துறையான கால்ட்ரான்ஸின் குவிக்மேப் என்ற சாலை நிலவர வரைபடத்தையும் பூங்காக்களின் அறிவிப்பையும் பாருங்கள். வழியில் பெரும்பகுதிக்குப் போன் சிக்னல் கிடையாது என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். பெட்ரோலைக் கார்மெலிலேயே நிரப்பிவிடுங்கள், நடுவழியில் கிடைக்கும் விலை வயிற்றெரிச்சல்.

வடக்கிலிருந்து தெற்காக ஓட்டினால் கடல் உங்கள் வலப்பக்கம், ஒதுங்குமிடங்களில் எதிர்வண்டியைக் குறுக்கிடாமல் இறங்கலாம். வேடிக்கை பார்த்து மெதுவாகப் போகிறீர்களா, பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். ஓட்டுகிறவர் கடலைப் பார்க்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு ஏற்பாடு: புகையைப் பார்த்தால் கத்தக்கூடாது, அடுத்த ஒதுங்குமிடம் வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். அத்தைக்கு மட்டும் விலக்கு, அவர் பார்த்தது இதுவரை பொய்யானதில்லை.