பழைய ஜீப்பில் ஸ்பீடோமீற்றர் ஓடவில்லையா? உடனே கேபிள் வாங்கப் போகாதீர்கள்

திருகோணமலையில் பழைய ஜீப்புகளுக்குக் குறைவில்லை. மிற்சுபிசி, லாண்ட் ரோவர், சின்னச் சுசுகி என்று உப்புவெளியிலிருந்து புல்மோட்டை வரை ஏதோ ஒன்று படகு இழுத்துக்கொண்டோ நெல் மூட்டை ஏற்றிக்கொண்டோ நிற்கும். எஞ்சின் கம்பீரமாக ஓடும், ஸ்பீடோமீற்றர் முள் மட்டும் பூச்சியத்தில் படுத்திருக்கும். "சத்தத்திலேயே எனக்கு வேகம் தெரியும்" என்பார் ஓட்டுகிறவர். தெரியலாம். ஆனால் ஊருக்குள் 50, வெளியே 70 என்ற கணக்கைப் பொலிஸார் சத்தத்தை வைத்துப் பார்ப்பதில்லை. கிலோமீற்றர் எண்கள் ஓடாத வண்டியில் ஒயில் மாற்றும் காலமும் ஊகம்தான்.

முள் ஆடவில்லை என்றதும் பலர் முதலில் பியூஸைப் பார்க்கிறார்கள். கேபிள் வைத்த பழைய வேகமானிக்கு மின்சாரம் வேண்டியதே இல்லை. உள்ளே இருக்கும் சின்ன பல்ப்புக்கு மட்டும்தான் வயர் போகிறது. கியர் பொக்ஸின் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸிலுள்ள ஒரு பல்சக்கரம் கேபிளைச் சுற்றுகிறது. கேபிள் மேலே இருக்கும் காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தம் தன்னைத் தொடாமல் நிற்கும் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது. கிண்ணத்தோடு முள்ளும் திரும்புகிறது. மெல்லிய சுருள் வில் ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. கிலோமீற்றர் எண்களோ காந்தத்தை நம்பி இல்லை, பல்சக்கரங்கள் வழியாகக் கேபிளிலேயே நேராக ஓடுகின்றன.

இந்தக் கடைசி விசயம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முள்ளும் எண்களும் சேர்ந்து நின்றிருந்தால் பழுது பெரும்பாலும் கேபிளில், இல்லாவிட்டால் கீழே உள்ள பல்சக்கரத்தில். எண்கள் ஓடுகின்றன, முள் மட்டும் செத்துக் கிடக்கிறது என்றால் கேபிளைத் தொடவே வேண்டாம், பழுது மேலே மீற்றருக்குள். முள் ஆடுகிறது, எண்கள் நகரவில்லை என்றாலும் அப்படித்தான், உள்ளே ஒரு சின்னப் பல் தேய்ந்திருக்கும். இதைப் பாராமல் கேபிள் வாங்கி மாட்டிவிட்டு, "புதுக் கேபிளும் சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவது வீண்.

முள் நடுங்குகிறதா? கேபிள் காய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ இறுக்கமாக வளைந்திருக்கலாம். கிளச் வேலையோ சைலன்சர் வேலையோ முடிந்த பிறகு நடுக்கம் தொடங்கியிருந்தால், கேபிளைப் பழைய பாதையில் திரும்பக் கட்டவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். சூடான குழாயில் பட்டு உறை உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிரீஸ் விசயத்தில்தான் நம் ஆட்களுக்குக் கை தாராளம். உள் கம்பி முழுவதும் அப்பி உறைக்குள் தள்ளுவார்கள். அந்தக் கம்பி சுருள் சுருளாக முறுக்கியது. அது சுற்றும்போது அதிகப்படியான கிரீஸ் மெல்ல மேலே ஏறி மீற்றருக்குள் போகும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் அது ஒட்டிக்கொண்டால் முள் 40 இல் போகும்போது 70 காட்டும், பிறகு இறங்க மறுக்கும். லேசாகப் பூசித் துடைத்துவிடுங்கள், மேல்முனையில் ஒரு சாண் அளவு உலர்ந்தே இருக்கட்டும். மீற்றருக்குள் டபிள்யூடி-40 ஸ்பிரே அடிப்பது இதைவிட மோசம்.

கேபிள் அறுந்திருந்தால், ஏன் அறுந்தது என்று கேட்காமல் புதியதைப் போடுவது அடுத்த தவறு. மீற்றரின் சதுரத் துளைக்குள் பொருத்தமான ஒரு குச்சியை வைத்து விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுகிப்போயிருந்தால் அந்த மீற்றர்தான் கேபிளை முறித்தது, புதியதையும் முறிக்கும். அறுந்த துண்டு கீழ்ப்பக்கம் பல்சக்கரத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கவும் கூடும், அதையும் எடுத்த பிறகே புதியது. உள் கம்பி சற்று நீளமாக இருந்தால் மீற்றரை உள்ளே தள்ளி நெரிக்கும், குட்டையாக இருந்தால் பிடிக்காமல் வழுக்கும். ஆகவே பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்து வாங்குங்கள். நட்டைக் கையால் இறுக்கினால் போதும், குறட்டை எடுத்தால் மீற்றரின் புரிதான் உடையும்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. படகைத் தண்ணீரில் இறக்கும்போது ஜீப்பின் பின்பக்கமும் கடலில் இறங்கும். உறையில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், உப்புத் தண்ணீரும் மணலும் உள்ளே போய்விடும். மேலே மட்டும் பார்த்துவிட்டு "கேபிள் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லாமல், கீழ்முனையைக் கழற்றிப் பாருங்கள். மாரி மழை விட்டதும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அந்த முனை கியர் ஒயிலில் நனைந்திருந்தால் பல்சக்கரத்தின் ஒயில் சீல், அதாவது ஒயில் கசியாமல் தடுக்கும் வளையம், போய்விட்டது. துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் ஒயில் கேபிள் வழியாக ஏறி மீற்றரின் முகம்வரை வந்து நிற்கும். அதோடு ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸில் ஒயில் குறைந்துகொண்டே போகும், அதுதான் பெரிய செலவு.

சோதிப்பதற்காகப் பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கில் தூக்கி எஞ்சினை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய லாண்ட் ரோவரில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்னால் தண்டில் இருக்கிறது. ஒரு சக்கரம் தரையை விட்டாலே அந்தப் பிரேக் பிடிக்காது, வண்டி ஜாக்கிலிருந்து உருண்டுவிடும். நான்கு சக்கர ஓட்டத்தில் கியர் விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மேல்முனையைக் கழற்றி, வெளியே தெரியும் உள் கம்பியில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, வண்டியை ஆட்களை வைத்துத் தள்ளுங்கள். காகிதம் சுற்றினால் கீழிருந்து மேல்வரை எல்லாம் சரி.

இதே தள்ளல் இன்னொன்றுக்கும் உதவும். மீற்றரையே மாற்றுகிறவர்கள் கண்ணாடியின் அளவையும் நட்டையும் மட்டும் ஒப்பிட்டு வாங்கிவிடுகிறார்கள். ஒரு கிலோமீற்றருக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு கணக்கு. ஜப்பான் வாகனங்களில் பரவலாகப் புழங்குவது 637. பழைய லாண்ட் ரோவரின் ஸ்மித்ஸ் கம்பனி மீற்றர்களில் அது மைல் கணக்கில், முகத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். தரையில் 10 மீற்றர் அளந்து கோடு போட்டு, வண்டியை நேராகத் தள்ளி, காகிதம் சுற்றுவதை எண்ணி நூறால் பெருக்குங்கள். ஏறத்தாழ ஆறு சுற்றும் மூன்றிலொன்றும் வந்தால் உங்கள் வண்டிக்கு 637 தான். மைல் மீற்றரைக் கழற்றிய இடத்தில் கிலோமீற்றர் மீற்றரைப் போடும்போது இந்தக் கணக்கைத் தவறவிட்டால் முள் ஆடும், பொய் சொல்லும்.

டயரும் பொய் சொல்ல வைக்கும். 235/75ஆர்15 இருந்த இடத்தில் 31 அங்குல டயர் ஏற்றினால் விட்டம் ஏறத்தாழ 7 வீதம் கூடுகிறது. முள் 60 இல் நிற்கும்போது நீங்கள் 64 இல் போகிறீர்கள். இதற்கு மீற்றரைத் திறந்து முள்ளை நகர்த்தாதீர்கள். டயரால் வரும் பிழை வேகத்தோடு கூடும், முள்ளை நகர்த்தினால் எல்லா வேகத்திலும் ஒரே அளவுதான் மாறும். ஒரு இடத்தில் பொருந்தி மற்ற இடத்தில் கெடும்.

எந்தப் பழுது என்று பிரித்தறிய கந்தளாய்ப் பக்கம் நேரான, ஆளில்லாத ஒரு துண்டில் ஓடுங்கள். பக்கத்தில் இருப்பவர் போன் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து 30, 50, 70 இல் உண்மை வேகத்தை எழுதட்டும். பிழை ஒரே வீதத்தில் கூடிக்கொண்டு போனால் டயர் அல்லது பல்சக்கரம். எல்லாவற்றிலும் ஒரே 10 கிலோமீற்றர் வித்தியாசம் என்றால், முன்பு யாரோ முள்ளைப் பிடுங்கித் தவறான இடத்தில் குத்தியிருக்கிறார்கள். தடவைக்கொரு விடை வந்தால் கேபிளையோ மீற்றருக்குள் ஏறிய கிரீஸையோ தேடுங்கள்.