டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்குக் கரண்டியில் ஊட்டும்போது

ஆறு மாதம் முடிந்து கூழ் ஊட்டத் தொடங்கினால் நாக்கு அதை வெளியே தள்ளும். பிடிக்காமல் துப்புகிறது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் வாய்த் தசைத் தளர்வுதான் காரணம். நிமிர்த்தி உட்கார வையுங்கள். இடுப்பின் இருபுறமும் சுருட்டிய துண்டு, பாதத்துக்கடியில் ஒரு பலகை. பிடிமானமில்லாமல் தலை பின்னால் சாய்ந்தால் புரையேறும்.

குழியில்லாத சின்னக் கரண்டியில் பாதியளவு கேழ்வரகுக் கூழ் போதும். நடுநாக்கில் வைத்து லேசாகக் கீழே அழுத்துங்கள். உதடு மூடும்வரை பொறுங்கள். மேல் ஈறில் வழித்துவிட்டுக் கரண்டியை எடுத்தால் உதட்டுக்கு வேலையே இல்லாமல் போகும். அவசரப்படும் பாட்டியிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

ஊட்டும்போது வியர்த்தாலோ மூச்சு வாங்கினாலோ இதய மருத்துவரைப் பாருங்கள். பிறந்தபோது எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை கையில் இருக்கட்டும். உதடு நீலமானால் உடனே மருத்துவமனை. சாப்பிட்டதும் தொண்டை களகளத்தால் விழுங்குதல் பரிசோதனை கேளுங்கள்.