பிஎச்பியில் கோப்பை இணைக்கும்போது மாறிகளும் கிளாஸ்களும் எங்கே சேர்கின்றன?

பிஎச்பி (PHP) நிரல்மொழியில் இன்க்ளூட் (include) அல்லது ரிக்வயர் (require) என்ற கட்டளையைக் கொண்டு ஒரு கோப்பை இணைக்கும்போது, அந்த இணைப்பு வரி எந்த எல்லைக்குள் (ஸ்கோப், அதாவது ஒரு மாறி செல்லுபடியாகும் பகுதி) இருக்கிறதோ, அந்த எல்லைக்கே கோப்பிலுள்ள மாறிகளும் உரியவையாகின்றன. ஆகவே தரவுத்தள அமைப்புகளைக் கொண்ட கோப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் இணைத்தால், அம்மாறிகள் அந்த ஃபங்ஷனோடு முடிந்துவிடும். வெளியே அவற்றைப் பயன்படுத்த முயன்றால், வரையறுக்கப்படாத மாறி என்ற எச்சரிக்கையே வரும். கிளாஸ்கள் அப்படியல்ல. எங்கிருந்து இணைத்தாலும் அவை நிரல் முழுவதற்கும் பொதுவாகிவிடுவதால், ஒரே கிளாஸ் கோப்பை இருமுறை இணைத்தால் நிரல் பிழையுடன் நின்றுவிடும்.

இதைத் தவிர்க்க, ஒரு கோப்பை ஒருமுறை மட்டுமே இணைக்கும் ரிக்வயர்_ஒன்ஸ் (require_once) பயன்படுத்துவது கிளாஸ் கோப்புகளுக்கு மிகவும் பொருத்தமானது. ஆனால் அமைப்புக் கோப்பை அவ்வாறு ஒரு ஃபங்ஷனுக்குள் இணைத்தால், அந்த ஃபங்ஷனை இரண்டாம் முறை அழைக்கும்போது கோப்பு மீண்டும் இயங்காது; ட்ரூ என்ற மதிப்பு மட்டுமே திரும்பும், எதிர்பார்த்த மாறி எதுவும் இருக்காது. முதல் அழைப்பில் சரியாக இயங்கியது அடுத்த அழைப்பில் தவறுவதால், இப்பிழையின் காரணத்தைக் கண்டறிவது உண்மையிலேயே கடினம்.

எனவே, அமைப்புக் கோப்பில் மாறிகளை உருவாக்காமல், மதிப்புகளை ஒரு அரேயாக ரிட்டர்ன் செய்து, தேவைப்படும் இடத்தில் சாதாரண ரிக்வயர் மூலம் அதை ஒரு மாறியில் பெற்றுக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் முறை. மாறிகளைக் குளோபல் (நிரலுக்குப் பொதுவானவை) என்று அறிவித்துச் சமாளிப்பதைவிட இது தெளிவானது. ஒரு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிமுறையைப் படிப்பவர் உடனே அறியலாம். நேம்ஸ்பேஸுக்கான (கிளாஸ் பெயர்களைக் குழுவாகப் பிரிக்கும் பெயர்வெளிக்கான) யூஸ் (use) அறிவிப்புகளோ அந்தந்தக் கோப்புக்கு மட்டுமே உரியவை என்பதால், இணைக்கப்படும் கோப்பிலும் அவற்றைத் தனியே எழுத வேண்டும்.