கிட்டாருக்குள் கழன்ற பிரேஸை ஒட்டுவது எப்படி?

அக்கூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான். ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து இழுப்பதோ ஏறக்குறைய 70 கிலோ. பலகை வளையாமல் தாங்குபவை உள்ளே ஒட்டியிருக்கும் பிரேஸ் கட்டைகள்.

சிங்கப்பூரில் இவை கழல இரண்டு காரணங்கள் போதும். ஒன்று, வெயிலில் நிறுத்திய கார். அந்தச் சூட்டில் பசை இளகிவிடும். இன்னொன்று, இரவெல்லாம் ஏர்கான், பகலெல்லாம் திறந்த ஜன்னல். ஈரத்தில் மேற்பலகை குறுக்குவாட்டில் உப்பும், ஆனால் பிரேஸ் தன் நீளத்தில் அசையாது. நடுவில் மாட்டிக்கொண்ட பசை விட்டுவிடும்.

முதலில் கம்பிகளைக் கழற்றுங்கள். மேற்பலகையை விரல் நுனியால் தட்டிக்கொண்டே வாருங்கள். கழன்ற இடத்தில் 'டொக்' சத்தத்தோடு ஒரு அதிர்வொலியும் கேட்கும். ஒலித்துளை வழியாகச் சின்ன கண்ணாடியும் எல்இடி விளக்கும் விட்டுப் பாருங்கள். ஒரு காகிதத் துண்டைப் பிரேஸுக்கு அடியில் நுழையுங்கள். எதுவரை போகிறதோ அதுவரை கழன்றிருக்கிறது. அந்த அளவை வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

உடனே பசையை எடுக்காதீர்கள். உப்பிய பலகையில் ஒட்டினால், காய்ந்து சுருங்கும்போது மறுபடி பிய்த்துக்கொள்ளும். ஈரப்பதமானி 45 முதல் 55 விழுக்காடு காட்டும் அறையிலோ டிரை கேபினட்டிலோ (ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் பெட்டி) சில நாள் வையுங்கள். பிறகு 120ஆம் எண் உப்புத்தாளை மடித்து இடுக்கில் விட்டு, பழைய பசையை மட்டும் சுரண்டுங்கள். காய்ந்த பசைமேல் புதுப்பசை பிடிக்காது. மரத்தையும் சேர்த்துத் தேய்த்தால் இடைவெளி பெரிதாகிவிடும்.

அடுத்தது ஒத்திகை. உண்மையான வேலையே இதுதான். கை நுழையும் இடமென்றால் ஆழமான கிளாம்ப், அதாவது இறுக்கிப் பிடிக்கும் கருவி. எட்டாத இடமென்றால், பின்பலகையில் ஊன்றி பிரேஸை மேல்நோக்கித் தள்ளும் திருகு ஜாக். ஜாக்கின் அடியில் ஒரு மரத்துண்டு வைத்து, பின்பலகையின் உள்பிரேஸ்மேல் ஊன்றுங்கள். விரலால் திருகும் அழுத்தமே போதும், ஸ்பானர் வேண்டாம், மேற்பலகை மேடாகிவிடும். இடைவெளி மூடுகிறதா என்று பசையில்லாமலே ஓரிரு முறை பாருங்கள்.

பசைக்கு டைட்பாண்ட் ஒரிஜினல் என்ற மரப்பசை நல்லது. சூப்பர் குளூ கூடாது: இறுகியதும் நொறுங்கும், பிறகு சுத்தமாகப் பிரிப்பது கடினம். ஊசி முனை மழுங்கிய சிரிஞ்சில் பசையை இடுக்கில் விட்டு, மெல்லிய பேலட் கத்தியால் கடைசிவரை தள்ளுங்கள். மேற்பலகையை வெளியிலிருந்து மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டால், இடுக்கு பசையை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்குள் கிளாம்பை மாட்டிவிட வேண்டும். கிளாம்புக்கும் மரத்துக்கும் நடுவே மெழுகுத்தாள் அவசியம். பிதுங்கியதை ஈரத்துணியால் துடையுங்கள். ஓரம் முழுக்கச் சன்னமாகப் பிதுங்கினால் சரி. ஓரிடம் உலர்ந்திருந்தால் அங்கே பசை போகவில்லை.

கிளாம்ப் குறைந்தது ஒரு மணி நேரம். கம்பி மாட்ட 24 மணி நேரம் பொறுங்கள்.

ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் (கம்பிகள் மேற்பலகையில் பிணையும் கட்டை) நடுவே பிரேஸ்கள் எக்ஸ் வடிவில் குறுக்கிடும் இணைப்பு விட்டிருந்தாலோ, ஒலித்துளைப் பக்கம் பலகை குழிந்திருந்தாலோ இது தொடக்கநிலை வேலையல்ல. பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் கிட்டார் கடைகள் இருக்கின்றன; பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிடுங்கள்.

கம்பி மாட்டும்போது முதல் நாள் ஒரு சுரம் இறக்கியே வையுங்கள். மறுநாள் தட்டிப் பார்த்து, அந்த அதிர்வொலி இல்லையென்றால் முழுச் சுருதிக்கு ஏற்றலாம்.