வட்டப் பலகையின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முக்காலிக்காக 25 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பலகை ஒன்று கையில் இருக்கிறது. கால்களுக்குத் துளையிட, முதலில் நடுப்புள்ளி தெரிய வேண்டும். கண்மதிப்பில் குறித்தால் சில மி.மீ. தவறிவிடும். முக்காலி ஆடாது; ஆனால் கால்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். பார்க்கச் சகிக்காது.

தட்டையான இரும்பு மூலைமட்டம் (இரண்டு கைகள் செங்கோணத்தில் சேரும் ‘L’ வடிவக் கருவி), அடிக்கோல், கூரிய பென்சில் போதும். மட்டம் இல்லையென்றால் ஏ4 தாளின் மூலையே இந்த அளவுப் பலகைக்குப் போதுமானது.

முதலில் மட்டத்தைச் சோதியுங்கள். ஒரு நேர்கோட்டின் மீது மட்டத்தின் ஒரு கையை ஒட்டி வைத்து, மற்றக் கையை ஒட்டிக் கோடு போடுங்கள். அதே புள்ளியில் மட்டத்தைப் புரட்டி வைத்து மறுபடியும் போடுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், அந்த விரிவில் பாதிதான் மட்டத்தின் பிழை. புரட்டியதும் அதே சாய்வு எதிர்ப்பக்கம் போய்விடுவதால் பிழை இரட்டிப்பாகத் தெரிகிறது.

இனி மட்டத்தின் வெளிமூலையைப் பலகையின் விளிம்பில் சரியாகப் பொருத்துங்கள். இரண்டு கைகளும் விளிம்பைக் கடக்கும் இடங்களைக் குறித்து, அவ்விரு புள்ளிகளையும் கோட்டால் இணையுங்கள். அதுதான் விட்டம். மூலையை வேறிடத்துக்கு நகர்த்தி இன்னொரு கோடு வரையுங்கள். இரண்டும் வெட்டும் இடமே நடுப்புள்ளி.

ஏன் அப்படி? இதை மனப்பாடமாக ஏற்க வேண்டியதில்லை. மூலையும் இரு குறிகளும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம். அட்டையில் அதே அளவில் இரண்டு முக்கோணங்கள் வெட்டி, நீண்ட பக்கங்களை ஒட்டி, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்த்துப் பாருங்கள்: செவ்வகம் கிடைக்கும். கதவு நிலை கோணாமல் இருக்கிறதா என்று பார்க்கத் தச்சர்கள் இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பார்கள், இல்லையா? செவ்வகத்தில் அவை சமம். ஒன்றையொன்று பாதியாகவும் வெட்டும். அப்படியானால் நம் நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளி, முக்கோணத்தின் மூன்று முனைகளுக்கும் சம தூரத்தில் இருக்கிறது. அந்த மூன்று முனைகளும் வட்டத்தின் விளிம்பில் உள்ளவை. விளிம்பின் மூன்று புள்ளிகளுக்குச் சம தூரமுள்ள இடம் பலகையில் ஒன்றே ஒன்றுதான்: மையம். அதனால் நீண்ட பக்கம் மையத்தின் வழியாகச் சென்றே தீரும்.

உங்கள் பலகையிலேயே சரிபார்க்கலாம். ஒரு கை 15 செ.மீ.யில் விளிம்பைக் கடந்தால், மற்றது 20 செ.மீ.யில் கடக்க வேண்டும். குறுக்குக் கோடு 25 செ.மீ. வரும்.

கையால் அறுத்த பலகை துல்லியமான வட்டமாக இருக்காது. அதனால் மூன்றாவது கோடும் வரையுங்கள். மூன்றும் ஒரே புள்ளியில் சேராமல் சிறு முக்கோணம் விழுந்தால், அதன் நடுவில் ஆணிமுனையால் குத்திக்கொள்ளுங்கள். துரப்பணத்தின் முனை நழுவாமல் இருக்கவும் அந்தக் குழி உதவும்.